நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உருப்படியான வேலை பார்த்திருக்கிறது. அன்றைக்கு நான் சத்தமே போடவில்லை. இரண்டு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் கோச்சடையில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்குக் கீழக்குயில்குடியில் டீச்சர் வேலை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் பக்கம் பக்கம்தான். பஸ்ஸுக்கு அது தெரியாதே! கிழக்கே டவுனுக்குப் போய் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்காகத் தவம் கிடந்து, அது வந்ததும் இடித்துப் பிடித்து ஏறி, மறுபடி மேற்கே வர வேண்டும். ஒன்றரை வயது மகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்து வீட்டு வக்கீல் மனைவியிடம் விட்டுவிட்டு நான் ஓடினாலும், முதல் பஸ் ஐந்து நிமிஷம் பிந்தினால் இரண்டாவது பஸ் போய்விட்டிருக்கும். அதை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான்.

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே பிறந்தவர். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, வராதவர்கள் கட்டத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவார். என் பெயருக்கு எதிரே வரிசையாக வட்டம். மூன்று வட்டத்துக்கு ஒரு நாள் லீவு போயிற்று. லீவும் தீர்ந்தபின் மெமோ வந்தது. இனியும் தாமதித்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எழுதி முடித்து, தேதி மட்டும் போடாமல், நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலை உயிர். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் நான் நானாக இருந்தேன். அதனால்தான் தேதி போட மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அதிகம் பேசாதவர். கடிதத்தை அவரிடம் காட்டியபோது வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு நாள் கழித்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, ஒனக்கு சைக்கிள் நல்லா ஓட்டத் தெரியும்ல? மோப்பெட்டும் அம்புட்டுத்தான். வாங்கிருவமா?"

புதிது வாங்க வசதி இல்லை. அதனால் சிம்மக்கல்லில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல பருமன், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. வாங்க வந்தவர்களுக்குக் காப்பி வாங்கித் தராமல் விலையே சொல்ல மாட்டார். நீல நிற மோப்பெட் ஒன்றைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்.

"டீச்சருக்குன்னே வச்சிருக்கேன். ஒரு கை பட்ட வண்டி. எஞ்சின்ல ஒரு வேலையும் கெடையாது."

"அதை ரசீதுல எழுதித் தாங்கண்ணே," என்றேன். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தி வந்த புத்தி அது. எழுதாததற்கு மார்க் இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே ரசீதில், 'வண்டி நல்ல ஓடும் நிலையில் உள்ளது, எஞ்சின் வேலை எதுவும் இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சூட்டிகையாக இருந்த நான் அடுத்த கால் மணி நேரத்தில் எப்படி ஏமாந்தேன் என்பதுதான் கேவலம்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்குப் பூஜையை அவரே கடை வாசலில் போட்டுவிடுவார். சந்தனம், குங்குமம், சூடம், ஒரு முழம் பூ எல்லாம் அவர் செலவு. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி ஏறிப் பழம் நசுங்கியதும் கையைத் தட்டி, "பழம் நசுங்கிருச்சு, இனி வண்டி ஒங்களுது!" என்று தெருவே கேட்கும்படி சொல்வார். கேட்கிறவர்களுக்கு அது ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். அதற்குப்பின் எந்தக் குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் அந்தப் பழத்தைத்தான் காட்டுவார் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். சூடம் காட்டியாயிற்று. பழம் வைத்தாயிற்று. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி மிதித்தேன். எஞ்சின் இருமிற்று. மறுபடி மிதித்தேன். இருமல்கூட இல்லை. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். பிளக்குல ஈரம், வேற ஒண்ணுமில்ல. நீங்க ஒக்காருங்க, நான் தள்ளி விடுறேன். நல்ல நேரத்துல பழம் நசுங்கட்டும். மத்ததப் பெறகு பாத்துக்கலாம்."

அறிவியல் பாடம் நடத்துகிற டீச்சர் நான். கிரகணத்தைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பு எழுதிப்போட்டவள். ஆனாலும் மணி பத்து இருபத்தைந்து ஆகும்போது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் ராகு காலம் என்று ஒருவர் சொன்னால் நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன், என்ன செய்ய! "தள்ளுங்கண்ணே, சீக்கிரம் தள்ளுங்க," என்று நானே அவசரப்படுத்தினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேரியரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார். பழம் நசுங்கியது. கையைத் தட்டினார். என் வீட்டுக்காரர் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கி வந்த கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, எதையோ திருகி, ஒருவழியாக வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். பின்னால் ஒரே புகை. "பழைய எண்ணெ. ஓட ஓடச் சரியாயிரும்," என்றார்.

பதினொரு நாள் ஓடியது. அந்தப் பதினொரு நாளும் நான் ராணி. கோச்சடையிலிருந்து குறுக்கே விழுந்து, வயல்களுக்கு நடுவே, காற்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்க, சமணர் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு போவேன். அய்யனார் கோயில் பக்கத்துத் தாமரைக் குளத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, பூவைப் பார்த்துவிட்டுப் போகக்கூட நேரம் இருந்தது. நான் போய்ச் சேரும்போது தலைமையாசிரியரே வந்திருக்க மாட்டார். எதிரே வருகிற ஆண்கள் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று ஹாரன் அடிப்பேன். பிள்ளைகள் மட்டும் புகையைப் பார்த்துவிட்டு என் வண்டிக்குக் கொசு மருந்து வண்டி என்று பெயர் வைத்தார்கள். நான் பாட்டுக்குக் காதில் விழாததுபோல் இருந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. மிதித்தே போய்ச் சேர்ந்தேன். எஞ்சின் ஓடாத மோப்பெட்டை மிதிப்பது என்றால், எருமையை முதுகில் ஏற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது மாதிரி. அன்றைக்குச் சிவப்பு வட்டம். மறுநாளும் வட்டம்.

கோச்சடை மெக்கானிக் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, சொன்னா வருத்தப்படக் கூடாது. பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் தேஞ்சு போய்க் கெடக்கு. எஞ்சினப் பூராப் பிரிக்கணும். இது பத்து நாள்ல வந்த கேடு இல்லக்கா, பல மாசத்துக் கேடு. ஒங்க தலையில கட்டிட்டாங்க."

அவர் சொன்ன தொகை வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் இருந்தது. எங்களிடம் இல்லை. நான் சிம்மக்கல்லுக்குப் போனேன். கடைக்காரர் காப்பி வாங்கித் தந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு கொஞ்சமும் குறையாமல் கையை விரித்தார்.

"டீச்சர், கடையில இருந்து போறப்ப குதிர மாதிரி போச்சே! நீங்க புதுசா ஓட்டுறவங்க. எப்பிடி ஓட்டுனீங்களோ, என்னமோ. பழம் நசுங்கிருச்சுல்ல? சாமி முன்னாடி ஒப்புக்கிட்டது. அதுக்குப் பெறகு திருப்பி எடுத்தா எனக்கும் ஆகாது, ஒங்களுக்கும் ஆகாது."

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அவர் எதற்கும் பிடி கொடுக்காமல் இன்னொரு காப்பிக்கு ஆள் அனுப்பினார். இப்படி மூன்று தடவை போய், மூன்று தடவை கத்தி, ஆறு காப்பி குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு வக்கீலிடம் ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். ரசீதின் அடியில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

"அச்சடிச்சத விடுங்க டீச்சரம்மா. எஞ்சின் வேலை இல்லைன்னு அவரே கைப்பட எழுதியிருக்காரு பாருங்க. பழைய வண்டின்னா தேய்மானம் இருக்கத்தான் செய்யும், அத நம்ம பொறுத்துக்கணும். ஆனா இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்த ஒரு கோளாறு, வித்த அன்னைக்கே வண்டிக்குள்ள இருந்துச்சுன்னா, அது வித்தவர் பொறுப்பு. ரிப்பேர் பண்ணித் தான்னு கேக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு, பணத்தத் திருப்பிக் கேக்கவும் உரிமை இருக்கு."

"பெறகென்ன சார், கேஸ் போடுங்க!"

"போடலாம். ஆனா வித்த அன்னைக்கே வண்டி ஓடலைன்னு காட்டணுமே? அவரு நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்லுவாரு. அதோட கோர்ட்டுக்குப் போனா, தீர்ப்பு வரதுக்குள்ள நம்ம பாப்பா காலேஜுக்குப் போயிருவா," என்று என் மடியில் இருந்த மகளைக் காட்டினார்.

நுகர்வோர் வழக்குக்கென்று தனி மன்றம் எல்லாம் அப்போது வந்திருக்கவில்லை. தலைமையாசிரியர் மனமிரங்கி, காலாண்டு விடுமுறை வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குப்பின் ஒரு வட்டம் விழுந்தாலும் மேலே எழுதிவிடுவார். காலாண்டு விடுமுறை விட்டார்கள். பள்ளி திறக்கும் நாளன்று கடிதத்தில் தேதி போட்டுவிடுவது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அந்த விடுமுறையில்தான் புகைப்படம் வந்தது. கேமராக்கார நண்பர், மிச்சமிருந்த பிலிமை ஒரு காதுகுத்து விழாவில் முடித்துவிட்டுக் கழுவக் கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு குழந்தை வாயைத் திறந்து அழும் படங்களுக்கு நடுவே எங்கள் படம். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். படத்தில் நான் புது மணப்பெண் மாதிரி விறைப்பாக வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்சக்கரத்தடியில் பாதி நசுங்கிய பழம். பின்னால் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, கேரியரில் இரு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, பழத்த நசுக்குனது வண்டி இல்லையே. அவருல்ல நசுக்கியிருக்காரு!"

நான் படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகளைத் தூக்கிச் சுற்றினேன். வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இனி கத்தாதீங்க டீச்சரம்மா, கத்த வேண்டிய அவசியமே இல்ல," என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வண்டி வாங்குகிறவர்கள் எல்லாம் கூடும் நாள். கோச்சடையிலிருந்து சிம்மக்கல் வரைக்கும் நான் மோப்பெட்டை மிதித்துக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் சைக்கிளில் பக்கத்திலேயே வந்தார். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் வேர்வை. கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒரு ஸ்கூட்டருக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தது. அதை வாங்க வந்த விவசாயி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இரண்டு எலுமிச்சம்பழம்.

நான் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினேன். கைப்பையிலிருந்து இரண்டு பழத்தை எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், மறுபடி பூஜையா?"

"ஆமாண்ணே. அன்னைக்கு ராகு காலம் பொறக்கப் போகுதுன்னு அவசரத்துல நீங்க தள்ளி விட்டீங்க. பழத்த வண்டி நசுக்கல, நீங்கதான் நசுக்குனீங்க." படத்தை எடுத்துக் காட்டினேன். "பழம் நசுங்குனா வண்டி எனக்குன்னு நீங்க சொன்னத நான் மதிக்கிறேன். இன்னைக்கு ராகு காலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நிதானமா ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டி தானா ஏறி நசுக்கிட்டா, நான் ஒரு வார்த்த பேசாமப் போயிர்றேன்."

படம் கை மாறி விவசாயியிடம் போனது. அவர் அதைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைக்காரருக்கு வேறு வழி இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி வண்டியில் ஏறி மிதித்தார். வண்டி ஸ்டாண்டில் நின்றபடி ஆடியது. பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு மிதித்தார். சட்டையைக் கழற்றிவிட்டு மிதித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்து டம்ளரோடு வந்து நின்றார்கள். ஒரு கட்டத்தில் அவர் ஸ்டாண்டை நைசாகத் தட்டிவிட்டு முன்னால் நகர்த்தப் பார்த்தார்.

"அண்ணே, அண்ணே, அது சைக்கிளு! எஞ்சின் ஓடட்டும்ணே!" என்று கூட்டத்திலிருந்து நாலைந்து குரல். கடைக்காரர் அசடு வழிய மறுபடி ஸ்டாண்டைப் போட்டார். பழம் இரண்டும் வைத்த இடத்திலேயே மஞ்சளாக உட்கார்ந்திருந்தன.

விவசாயி தன் கையிலிருந்த பழங்களைத் துண்டில் முடிந்துகொண்டார். "மொதல்ல டீச்சரம்மா பழம் நசுங்கட்டும்ணே. பெறகு எங்க வண்டியப் பாப்போம். அவசரம் ஒண்ணுமில்ல."

கடைக்காரர் மிதிப்பதை நிறுத்தினார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கே ஆச்சரியமாக, தொந்தி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"போதும் டீச்சர். விட்டுருங்க. என்ன செய்யணும், சொல்லுங்க."

"எஞ்சினப் பூராவும் ஒங்க செலவுல செஞ்சு தரணும். புதன்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. வண்டி தயாராகுற வரைக்கும் ஓடுற வண்டி ஒண்ணு எனக்கு வேணும். அந்தா நிக்குதே, ஒங்க வண்டி. அது போதும்."

"என் சொந்த வண்டியா?"

"நல்லா ஓடுதுல்லண்ணே?"

கூட்டம் சிரித்தது. எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்த அந்த வரி இருக்கும் என்பதால் அதில் எழுத நான் சம்மதிக்கவில்லை. கைப்பையைத் துழாவியதில் ஒரே ஒரு தாள்தான் கிடைத்தது. அதன் வெற்றுப் பக்கத்தில், நடந்ததையும் அவர் ஒப்புக்கொண்டதையும் கட்டுரை நோட்டில் எழுதுவதுபோல் ஒழுங்காக எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடும்முன் எதார்த்தமாகத் தாளைத் திருப்பினார். முன்பக்கத்தை வாசித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"என்ன டீச்சர் இது... வேலைய விட்டுர்றதா எழுதியிருக்கு?"

"பஸ்ஸுல போய் நேரத்துக்குச் சேர முடியலண்ணே. அதுக்குத்தான் வண்டி வாங்குனேன்." சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு நேரம் இல்லாத அழுகை அப்போதுதான் வர வேண்டுமா!

அவர் தாளைத் திருப்பி வைத்து, நான் எழுதியதற்குக் கீழே, 'ஒரு வருடத்திற்குள் எஞ்சினில் எது வந்தாலும் என் பொறுப்பு' என்று யாரும் கேட்காமலே இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் வண்டிச் சாவியை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். பிறகு கீழே குனிந்து அந்த இரண்டு பழத்தையும் எடுத்துப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து, "ரெண்டையும் பிழிஞ்சு சர்பத்து போடுங்க. மிதிச்சு மிதிச்சு நாக்கு தள்ளிருச்சு," என்றார். நானும் அவரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். ஆறு காப்பியைவிட அது நன்றாக இருந்தது. விவசாயி தன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, எஞ்சின் அரை மணி நேரம் ஓடியதைக் காது கொடுத்துக் கேட்டபிறகே பழத்தை வைத்தார்.

மூன்று வாரம் கழித்து நீல மோப்பெட்டைக் கடைக்காரரே கோச்சடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். புகை இல்லை. வீட்டு வாசலில் நான் பழம் வைத்தேன். ஒரே மிதியில் கிளம்பி, பழம் சட்னி ஆனது. அவர் தெருவே கேட்கும்படி கையைத் தட்டினார். "இப்ப எடுத்துக்கங்க டீச்சர். இப்பத்தான் வண்டி ஒங்களுது." மறுநாள் நான் தாமரைக் குளத்தில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போயும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

அந்த வண்டி ஒன்பது வருஷம் ஓடியது. அதற்குப்பின் இரண்டு வண்டி மாற்றினேன், இரண்டும் அவர் கடையில்தான். கீழக்குயில்குடியிலும் அதன்பின் வேறு ஊர்களிலுமாக இன்னும் இருபத்தேழு வருஷம் பாடம் நடத்திவிட்டு, அறுபது பேர் கூடிய ஒரு பிரிவுபசார விழாவில் மாலை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் கடைக்காரரின் கோணல் கையெழுத்து. திருப்பினால் முன்பக்கத்தில் என் ராஜினாமாக் கடிதம். அதில் தேதி போடவேண்டிய இடம் இன்றைக்கும் காலியாகவே இருக்கிறது.